ஷாக் நாலும் மாற்றியாச்சு, வண்டி முன்னைவிட மோசமாகக் குத்துது: 2011 சஃபாரி

தென்னந்தோப்பு (உடுமலை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி 2011 டாடா சஃபாரி டைகோர் 2.2. ஓடியது 1,64,000 கி.மீ. மூன்று வருடத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். எஞ்சின், கியர் எதிலும் குறையில்லை. தோப்புக்குப் போவது, தேங்காய் நாலு மூட்டை ஏற்றி வருவது, மாதம் ஒருமுறை கோயம்புத்தூருக்கு அமுச்சியை (அம்மாவின் அம்மா) கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, இதுதான் இதன் வேலை.

ஆறு மாதத்துக்கு முன்னால் வண்டி லேசாகத் தூக்குகிற மாதிரி இருந்தது. வழக்கமாக விடும் கடையில் காட்டினேன். ஷாக் நாலும் போச்சு, முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கிற கீழ்க் கை) புஷ்ஷும் போச்சு என்றார்கள். எல்லாம் மாற்றினேன், கூலியோடு 27,000 ரூபாய். வெளியே எடுத்து ஓட்டினால் முன்னைவிட மோசம். ரோட்டில் ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொன்றும் ஸ்டியரிங்கில் தெரிகிறது. வேகத்தடையில் ஏறும்போது சத்தமில்லை, இறங்கும்போது முன்னால் 'டங்' என்று ஒரு அடி. பின்பக்கம் வளைவில் வாலை ஆட்டுகிறது. கடையில் கேட்டால், 'புது ஷாக், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். ஆறு மாதம் ஆச்சு.

போன வாரம் அமுச்சி, 'இதுக்கு டவுன் பஸ்ஸே தேவலை கண்ணு' என்று சொல்லிவிட்டது. 78 வயது. அதற்கப்புறம்தான் இங்கே எழுதலாம் என்று தோன்றியது.

இன்னொன்று, 2026-இல் வண்டிக்கு 15 வருடம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பித்து இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவதாகத்தான் எண்ணம். அதனால் விற்கச் சொல்லாதீர்கள்.

மடத்துக்குளம் மாப்ள

வித்துடுங்க.

பீளமேடு ஸ்பேனர்

மாப்ளைக்குப் படிக்கிற பழக்கம் இல்லை, விடுங்க.

தோப்புக்காரரே, 'ரைடு சரியில்லை' என்று ஒரே வார்த்தையில் சொன்னால் கடையில் ஷாக்கைத்தான் மாற்றுவார்கள். இதில் நாலு விதம் இருக்கிறது. குத்துவது வேறு, தூக்குவது வேறு, ஆட்டுவது வேறு, சத்தம் வேறு.

தூக்குவது என்றால் மேடு தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆடி நிற்பது. அது ஷாக்கின் வேலை. ஷாக் செத்தால் வண்டி மெத்தை மாதிரி ஆடுமே தவிர, சின்னச் சின்ன ஒட்டில் எல்லாம் முதுகில் குத்தாது. குத்தினால் முதலில் டயர், அப்புறம் புஷ், அப்புறம் எங்கேயோ இரும்போடு இரும்பு அல்லது ரப்பர் ஸ்டாப்பர் முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு முதலில் இருந்தது தூக்குவது, இப்போது இருப்பது குத்துவது. இரண்டும் ஒரே நோய் இல்லை. பழையது போய்ப் புதியது வந்திருக்கிறது, அதுவும் கடைக்குள் போய் வந்த இரண்டு நாளில்.

காசில்லாத கேள்விகள் முதலில். டயரில் காற்று எவ்வளவு? யார் சொல்லி அந்த அளவு? டயர் எந்த வருடம்? சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள். முன்னால் இடது வலது உயரம் சமமா? தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் காற்றும் அளவைக் கெடுக்கும். வீல் நடுமையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வையுங்கள். சமதரையில், வண்டி காலியாக.

நாமக்கல் பாடி

எங்க ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், காலி வண்டி குதிக்கும், லோடு வண்டி மிதக்கும். கமான் பட்டை (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) லோடுக்காகப் போடுவது, காலியாகப் போனால் அது வளைந்தே கொடுக்காது. பின்னால் இரண்டு மூட்டை சிமெண்ட் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. அமுச்சிக்குத் தொட்டில் மாதிரி இருக்கும்.

பீளமேடு ஸ்பேனர்

அண்ணா, அது பட்டை வண்டிக்குச் சரி. சஃபாரியில் பின்னால் காயில் ஸ்பிரிங், ஐந்து லிங்க். முன்னால் டார்ஷன் பார், ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி. அவருக்குக் குத்துவது முன்னால், மூட்டையைப் பின்னால் போட்டு என்ன ஆகப்போகிறது?

நாமக்கல் பாடி

சரி சரி. மூட்டை போட்டுத்தான் பார்க்கட்டுமே, என்ன செலவு.

புது லைசென்ஸ்

காயில் ஸ்பிரிங் இடுக்கில் வைக்கிற ரப்பர் பஃபர் ஆன்லைனில் கிடைக்கிறதே, 1,500 ரூபாய்தான். அது போட்டால் குத்தல் குறையும் என்று வீடியோவில் பார்த்தேன்.

பீளமேடு ஸ்பேனர்

அது ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்கும். இரண்டு சுற்றுக்கு நடுவில் ரப்பரை அடைத்தால் அந்தச் சுற்று சுருங்காது, அவ்வளவுதான். தேங்காய் ஏற்றித் தொய்ந்த வண்டி நிமிர்ந்து நிற்கும், அதைப் பார்த்து 'நல்லாச்சு' என்கிறார்கள். குத்துகிற வண்டிக்குப் போடுவது வயிற்றுவலிக்காரனுக்கு மிளகாய் பஜ்ஜி கொடுத்த மாதிரி.

தென்னந்தோப்பு (உடுமலை)

காலையில் எழுந்ததும் பார்த்தேனுங்க.

காற்று நாலிலும் 44 பவுண்டு. டயர் கடைத் தம்பி சைடுவாலில் 'மேக்ஸ் 44' என்று இருப்பதைக் காட்டித்தான் அடித்தான். நானும் அதுதான் சரியான அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு இலக்கம் 1816. டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) இன்னும் நல்லா இருக்கிறது, வாங்கும்போதே 'டயர் புதுசு மாதிரி' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

உயரம்: முன் இடது 53.5 செ.மீ., முன் வலது 52. இதை எழுதி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தேன். மூன்று வருடமாகக் கண்ணில் படாதது அப்போதுதான் பட்டது. வண்டி முன்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பீளமேடு ஸ்பேனர்

1816 என்றால் 2016-இல் 18-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் வெயிலில் காய்ந்து கட்டையாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், புது டயரில் அழுந்துகிற மாதிரி அழுந்தாது.

44 என்பது அந்த டயர் தாங்கும் உச்சம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது டயரில் எழுதியிருக்காது, வண்டியின் கையேட்டிலோ கதவுப் பக்கத்து ஸ்டிக்கரிலோதான் இருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் குளிர்ச்சியாக இருக்கும்போது அந்த அளவுக்கு இறக்குங்கள். ஓடிச் சூடான பிறகு அளந்தால் நாலைந்து பவுண்டு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைந்து கிடக்கும்.

மூக்குத் தூக்கல் விஷயத்தைப் பட்டறை அண்ணா வந்து சொல்லட்டும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அவர் வாயால் வந்தால் நல்லது.

பட்டறை (பெருந்துறை)

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து முழுதும் படித்தேன். இரண்டே கேள்வி.

ஒன்று, இந்த வண்டியின் முன்பக்கப் பம்பரில் எப்போதாவது இரும்பு கிராஷ் கார்டு (இடி தாங்கிக் கம்பி) மாட்டியிருந்ததா? பம்பருக்கு அடியில் சேசிஸில் வெல்டு வைத்த தடயம், அதிகப்படி ஓட்டை ஏதாவது தெரிகிறதா பாருங்க.

இரண்டு, அந்த லோயர் ஆர்ம் புஷ் மாற்றும்போது போல்ட்டைக் கடைசியாக எங்கே வைத்து முறுக்கினார்கள்? லிஃப்டில் தூக்கி, சக்கரம் நாலும் காற்றில் தொங்கும்போதா, இல்லை கீழே இறக்கிச் சக்கரம் தரையில் நின்ற பிறகா?

தென்னந்தோப்பு (உடுமலை)

அண்ணா, நீங்க சோசியமும் பார்ப்பீங்களா? வெல்டு தடயம் இருக்குதுங்க. பழைய ஓனருக்குப் போன் போட்டேன், அவர் தாராபுரம் பக்கம். 2013 வாக்கில் பெரிய கார்டு மாட்டினாராம். மாட்டியதும் முன்னால் தொய்ந்துவிட்டது என்று 'அடியில் போல்ட்டைத் திருகி' ஏற்றிவிட்டார்களாம். 2017 கடைசியில் கிராஷ் கார்டு கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதும் ஆங்காங்கே பிடிக்க ஆரம்பித்தார்கள் இல்லையா, அப்போது கழற்றிவிட்டார். கார்டைத்தான் கழற்றினார், போல்ட்டை யாரும் தொடவில்லை.

இரண்டாவது கேள்விக்கு: லிஃப்டில்தான். நான் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டு நின்றேன். காற்றுத் துப்பாக்கியில் 'டர்ர்ர்' என்று அடித்துவிட்டு இறக்கினார்கள்.

பட்டறை (பெருந்துறை)

அப்போ இரண்டு நோயும் தெரிந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், தம்பிகளுக்கும் உதவும்.

டார்ஷன் பார் என்பது முறுக்கிக் கொடுக்கிற ஒரு இரும்புக் கம்பி, ஸ்பிரிங்குக்குப் பதில் அது. ஒரு முனை ஆர்மில், இன்னொரு முனை சேசிஸில் ஒரு போல்ட்டின் மேல். அந்தப் போல்ட்டைத் திருகினால் வண்டி மேலே ஏறும். கம்பி அதனால் விறைப்பாகாது, அதே கம்பிதான். ஆனால் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் இடம் குறைந்துபோகும். சக்கரம் குழியில் இறங்கும்போதும் வேகத்தடையிலிருந்து விழும்போதும் மேல் ஆர்ம் போய் ரப்பர் ஸ்டாப்பரில் அடிக்கும். உங்கள் 'டங்' அதுதான். ஏறும்போது சத்தம் வந்தால் கதை வேறு, அது சக்கரம் மேலே போகும்போது முட்டுகிற பம்ப் ஸ்டாப்பர். இறங்கும்போது மட்டும் வந்தால் இது.

கார்டின் எடை இருந்தவரைக்கும் வண்டி ஓரளவு சமமாக நின்றிருக்கும். எடையை எடுத்ததும் மூக்கு மேலே போய்விட்டது. அதுவும் ஒரு பக்கம் அதிகமாகத் திருகியிருக்கிறான், அதனால்தான் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம்.

இனி புஷ். ஆர்ம் புஷ்ஷில் உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் குழாய், நடுவில் ரப்பர். ரப்பர் இரண்டிலும் ஒட்டியிருக்கும். உள்குழாயைப் போல்ட் பிராக்கெட்டோடு இறுக்கிப் பிடித்துவிடும். பலரும் நினைப்பது போல புஷ் பேரிங் மாதிரி சுற்றாது, ரப்பர் முறுக்கித்தான் கொடுக்கும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும், ஓடாமல் நிற்கும்போதே, ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஈரத்துணியைப் பிழிந்து பிடித்த மாதிரி. அது ஆர்மை எந்நேரமும் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். சின்ன மேட்டிலும் ஏற்கெனவே முறுக்கி நிற்கிற ரப்பர் இன்னும் முறுக்கணும், அதனால் சஸ்பென்ஷன் லேசாக அசையாது. குத்தாமல் என்ன செய்யும்? ரப்பரும் சீக்கிரம் கிழிந்துவிடும்.

உங்க கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. முக்கால்வாசிக் கடையில் இப்படித்தான் நடக்கிறது, லிஃப்டில் கையெட்டுகிற இடத்தில் வேலை சுலபம். நானும் தொடக்கத்தில் பத்து வருடம் அப்படித்தான் செய்தேன். புஷ் அடிக்கடி கிழிகிறதே, ஸ்பேர் மட்டம் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

செய்ய வேண்டிய வரிசை முக்கியம். முதலில் டயர் காற்று. அடுத்தது டார்ஷன் பார் உயரம். அதற்கப்புறம் புஷ் போல்ட். கடைசியில் வீல் அலைன்மென்ட்.

புது லைசென்ஸ்

புஷ்ஷை முதலில் செய்தால் என்னங்கண்ணா?

பட்டறை (பெருந்துறை)

வண்டி நிற்கிற உயரத்தில்தான் புஷ்ஷை இறுக்கணும். உயரத்தை அப்புறம் மாற்றினால் புஷ் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அலைன்மென்ட்டும் அப்படித்தான், உயரம் மாறினால் அதுவும் மாறும். இன்றைக்கு அலைன்மென்ட் செய்து நாளைக்கு உயரத்தை இறக்குபவனுக்கு இரண்டு தடவை காசு.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. டார்ஷன் போல்ட்டில் பெரிய விசை இருக்கும். சேசிஸில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டு, எத்தனை சுற்று என்று எண்ணித் திருகணும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் தலையை விடாதீங்க. இறக்கிய பிறகு வண்டியை முன்னும் பின்னும் பத்தடி உருட்டி, முன்னால் நாலு தடவை அமுக்கிவிட்டு, அப்புறம் டேப் வையுங்க. இறக்கியவுடன் அளந்தால் பொய் அளவுதான் வரும்.

வால்பாறை வளைவு

யாரும் வால் ஆட்டுவதைப் பற்றிப் பேசவில்லையே. நான் வாரம் இரண்டு நாள் ஆழியாறிலிருந்து மேலே ஏறுகிறேன், கொண்டை ஊசி 40. பின்பக்கம் ஆடும் வண்டியில் அந்த ரோட்டில் போனால் வாந்திக்குக் கவர் எடுத்துப்போக வேண்டும்.

ஐந்து லிங்க்கில் நாலு முன்பின் பிடிப்பது, ஐந்தாவது ஆக்ஸிலைக் குறுக்கே பிடிக்கிற பன்ஹார்டு ராடு. அதன் புஷ் போனால் பாடி ஒரு பக்கம், ஆக்ஸில் ஒரு பக்கம் போகும். பார்ப்பது சுலபம். ஒருவர் பின்கதவுப் பக்கம் நின்று பாடியைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி விடட்டும், இன்னொருவர் பின்னால் குனிந்து டார்ச் அடித்து அந்த ராடின் இரண்டு முனையையும் பார்க்கட்டும். நல்ல புஷ்ஷில் ரப்பர் மட்டும் நெளியும். போனதில் போல்ட் ஓட்டைக்குள் இரும்பு தனியாக நகர்வது தெரியும்.

இன்னொரு சோதனை, உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் படிக்கிற வேறு யாருக்காவது ஆகும். முன்னால் 'டொக் டொக்' என்று சின்னக் குழியில் சத்தம் வந்தால், வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகப் போய்ப் பாருங்கள். சத்தம் வராது. அடுத்து ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி கோணலாகப் போங்கள். இப்போது வந்தால் ஸ்டெபிலைசர் ராடின் (இடது வலது சக்கரங்களை இணைக்கிற கம்பி) லிங்க் அல்லது அதன் டி-புஷ்ஷாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறினால் அந்த ஸ்டெபிலைசர் ராடுக்கு முறுக்கு வேலை கிடையாது, அதனால்தான்.

தென்னந்தோப்பு (உடுமலை)

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

காற்றைக் கையேட்டு அளவுக்கு இறக்கியதிலேயே பாதிக் குத்தல் போய்விட்டது. 27,000 செலவு செய்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்க.

பழைய கடைக்குப் போகவில்லை. சித்தப்பாவின் லேத் பட்டறைக்குப் பக்கத்தில் லாரிக்கான பழைய குழி இருக்கிறது. சக்கரம் தரையில் நின்றபடியே அடியில் போய் வேலை செய்யலாம், லிஃப்டே வேண்டாம். அங்கே ஒரு வயதான மெக்கானிக். பட்டறை அண்ணா எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன். 'எழுதினவன் வேலை தெரிஞ்சவன்' என்று மட்டும் சொன்னார்.

மேல் ஆர்முக்கும் ரப்பர் ஸ்டாப்பருக்கும் நடுவில் இடது பக்கம் ஒரு போஸ்ட் கார்டு நுழைகிற இடைவெளிதான் இருந்தது. வண்டி நிற்கும்போதே அவ்வளவுதான் என்றால் குழியில் இறங்கும்போது என்ன மிச்சமிருக்கும்? ஸ்டாப்பர் ரப்பர் அடிபட்டு அடிபட்டுப் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. போல்ட்டுக்குப் பெயின்ட் குறி வைத்து, சுற்று எண்ணி, இடதில் அதிகமாகவும் வலதில் குறைவாகவும் இறக்கினோம். மூன்று தடவை இறக்கி, உருட்டி, அமுக்கி, அளந்தோம். கடைசியில் இரண்டு பக்கமும் 50.5. இப்போது சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறது.

அடுத்தது புஷ். குழிக்குள் இறங்கி, புஷ்ஷின் உள்குழாய் விளிம்பிலிருந்து பிராக்கெட் வரைக்கும் சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டார். 'பாரு தம்பி' என்று சொல்லிவிட்டு நீளக் கம்பி வைத்துப் போல்ட்டைத் தளர்த்தினார். கால் சுற்று போனதும் 'டப்' என்று ஒரு சத்தம். கோடு உடைந்துவிட்டது! குழாயில் இருந்த பாதி, பிராக்கெட்டில் இருந்த பாதியைவிட்டு ஒரு நெல்மணி நீளம் தள்ளி நின்றது. ஆறு மாதமாக அந்த முறுக்கோடுதான் ஓட்டியிருக்கிறேன். நாலு போல்ட்டிலும் இதே கதை. எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, நானும் சித்தப்பா பையனும் பம்பர் மேல் ஏறிக் குதித்து வண்டியை உட்காரவிட்டோம். அப்புறம் டார்க் ரெஞ்சு (இறுக்கும் விசையை அளக்கிற ஸ்பேனர்) வைத்து அளவாக இறுக்கினார். புஷ் கிழியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கிழிந்திருக்கும் என்றார்.

பன்ஹார்டு ராடு: வளைவு அண்ணா சொன்ன மாதிரி தள்ளிப் பார்த்தோம். சேசிஸ் பக்கத்துப் புஷ்ஷில் போல்ட் தனியாக ஆடியது. கம்பெனி ஸ்பேர் மறுநாள்தான் வந்தது. அதையும் குழியில் வைத்து, சக்கரம் தரையில் நிற்கும்போதே இறுக்கினார்.

மொத்தச் செலவு, அலைன்மென்ட்டோடு 3,400.

நாமக்கல் பாடி

ஷாக்கு பழசு வைத்திருந்தால் வித்தே 3,400 எடுத்திருக்கலாம்.

தென்னந்தோப்பு (உடுமலை)

பழைய ஷாக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தேனுங்க. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பீளமேடு ஸ்பேனர்

ஷாக் மாற்றியது வீண் இல்லை, முதலில் தூக்கியது என்றாரே. தூக்குவது இப்போது நின்றதா?

தென்னந்தோப்பு (உடுமலை)

அது அன்றைக்கே நின்றுவிட்டது. ஷாக்கைக் குறை சொல்ல மாட்டேன்.

நேற்று பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூர் போய் வந்தோம். 'டங்' இல்லை, வால் ஆட்டவில்லை. ரோட்டில் ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் இன்னும் ஒரு கரகரப்பு இருக்கிறது. அது அந்த 1816 டயர்தான் என்று நினைக்கிறேன். தேங்காய்க் காசு வந்ததும் நாலும் மாற்றப்போகிறேன். அமுச்சி போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது, 'வண்டிய மாத்திட்டயா?' என்று கேட்டது.

பட்டறை (பெருந்துறை)

கரகரப்பு டயர்தான். புது டயரையும் சைடுவாலைப் பார்த்து 44 அடிக்க விட்டுடாதீங்க. புதிதாக வாங்கும்போதும் நாலு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்க, கடையிலேயே இரண்டு வருடம் கிடந்ததை எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒன்று மறந்துட்டேன். டார்ஷன் பாரை இறக்கிய வண்டி கொஞ்சம் ஓடினதும் இன்னும் சிறிது இறங்கி உட்காரும். ஐந்நூறு கி.மீ. ஓடின பிறகு மறுபடி அளங்க. இரண்டு பக்கமும் சமமாக இறங்கியிருந்தால் விட்டுவிடுங்க. ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் எனக்கு எழுதுங்க, நீங்களே போல்ட்டைத் தொட வேண்டாம்.

தென்னந்தோப்பு (உடுமலை)

சரிங்ணா. டேப்பை டேஷ்போர்டிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.